தகைவிலான்

தொழிற்சாலை வைத்த பெயர் ஷ்வால்பே,
தகைவிலான் குருவி.
தகைவு இல்லாதது, களைப்பு அறியாதது.
என்னுடையது நாலாவது கிலோமீட்டரில் களைத்துப்போகும்.

ஓபர்ஹோஃப் ஏற்றத்தில் ஒரு வளைவு,
வெட்டிய ஊசியிலை மரங்களை அடுக்கியிருப்பார்கள்.
அங்கே வந்ததும் முதலில் ஒரு விக்கல்.
அப்புறம் இழுவை குறையும்.
அப்புறம் என் சொந்த மூச்சு மட்டும் கேட்கும்.
பத்து நிமிஷம் நின்றால்
ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும்.
மரம் ஏற்றும் லாரிக்காரர்கள் கையசைக்கப் பழகிவிட்டார்கள்.

ஐம்பது சிசி. எழுபத்தைந்தில் செய்தது.
எனக்கு நாலு வயது இளையது.

"கார்புரேட்டர்தான்" என்றார் ஃபோல்க்மார், மேல்மாடிக்காரர்.
வண்டியைப் பார்க்கவில்லை,
படிக்கட்டில் நின்றபடி சத்தத்தை மட்டும் கேட்டார்.
அந்த நிச்சயம் எனக்குப் பிடித்திருந்தது.
நான் வேலை செய்யும் இடத்தில் பல் டாக்டர்கூட
"பார்ப்போம்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அதற்குள் மூன்று முறை கழற்றிக் கழுவியிருந்தேன்.
பல்லின் வேரைத் துழாவும் ஊசி ஒன்றை
கிளினிக்கிலிருந்து எடுத்துவந்து,
திருட்டு என்றால் திருட்டு,
ஜெட்டின் துளைக்குள் விட்டுப் பார்த்தேன்.
ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால்
கடுகைவிடச் சின்னதாக ஒரு வானம்.
அழுக்கே இல்லை.

சனிக்கிழமை மாலை ஒரு பெட்டியோடு கதவைத் தட்டினார்.
புத்தம்புது கார்புரேட்டர்.
விலைச்சீட்டைக் கிழித்திருந்தார், பாதிதான் வந்திருந்தது:
எண்பது யூரோவுக்கு மேல் ஏதோ.
"இருக்கட்டும், கேரித்."
அதற்குமேல் பேச்சில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

பெட்ரோல் குழாயை மூடினேன்.
டியூபை உருவியதும் முழங்கைவரை வாடை.
இரண்டே நட். ஒன்று சுலபம்.
மற்றது சட்டத்தின் இடுக்கில்,
ஸ்பேனர் கால் சுற்றுதான் திரும்பும்.
கால் சுற்று, எடு, புரட்டு, மறுபடி கால் சுற்று.
அவர் டார்ச் பிடித்தார்.
எனக்கு வேண்டிய இடத்துக்கு
எப்போதும் ஒரு விரல் தள்ளியே விழுந்தது வெளிச்சம்.

பழையது கையோடு வந்தது.
மிதவைத் தொட்டியில் மிச்சப் பெட்ரோல் ஆடியது.
மார்கரின் டப்பாவில் வைத்தேன்.
த்ராட்டில் வயரைப் புதியதில் கோர்க்கும்போது
ஸ்பிரிங் தெறித்து அலமாரிக்கடியில் ஓடியது.
இருவரும் முழங்காலிட்டுத் தேடினோம்.
கொஞ்சம் அதிக நேரமே தேடினோம் என்று
இப்போது தோன்றுகிறது.

முதல் உதையில் கிளம்பியது.
நீலப் புகை ஷெட்டை நிறைத்தது.
அவர் இருமிக்கொண்டே கைதட்டினார்.

ஞாயிறு காலை. நாலாவது கிலோமீட்டர்.
அதே மரங்கள், அதே விக்கல்,
அதே என் மூச்சு.

கோபம் வந்தால் எதையாவது திறப்பது என் வழக்கம்,
ஃபிரிட்ஜோ, அஞ்சல் பெட்டியோ.
இருக்கையைத் தூக்கி டாங்க் மூடியைத் திருகினேன்.
உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது,
வெகுநேரம் தண்ணீருக்குள் இருந்த ஆள்
தலையைத் தூக்கியதுபோல.
உதைத்தேன். கிளம்பிவிட்டது.

மூடியைப் புரட்டினேன்.
உள்ளே ஒரு ரப்பர் வட்டம்.
போன வருஷம் பழைய தக்கை நைந்துபோனதென்று
மழைக்காலப் பூட்ஸிலிருந்து நானே வெட்டியது.
காம்பஸ் வைத்து, கோடு போட்டு,
ஓரத்தில் பிசிறு இல்லாமல்.
மூடியின் நடுவில் மூச்சுத்துளை.
அதன்மேல் என் ஒழுங்கு.

ஐம்பது வருஷம் உழைத்த ஒன்று
ஒரு தப்பும் செய்யாமல்
மார்கரின் டப்பாவில் கிடக்கிறது.

பேனாக்கத்தி முனையால் நடுவில் குத்தித் தோண்டினேன்.
துவரம்பருப்பு அளவுக்கு ஒரு துண்டு வந்தது.
பையில் போட்டுக்கொண்டேன்.
ஓபர்ஹோஃப் வரை நிற்கவில்லை.
அதற்கப்பால் போக எனக்கு ஒரு வேலையும் இல்லை,
போனேன்.

திரும்பி வந்தபோது வாசலில் ஃபோல்க்மார்
குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.
ஞாயிற்றுக்கிழமை குப்பைவண்டி வருவதில்லை,
அது அவருக்கும் தெரியும்.

"கார்புரேட்டர்தானே?"

எஞ்சினை அணைத்தேன்.
கோட்டுப் பைக்குள் என் விரல்
அந்தப் பருப்பை உருட்டிக்கொண்டிருந்தது.

"கார்புரேட்டர்தான்" என்றேன்.